திருகோணமலையில் பழைய சாமான் வாங்குவது: வீட்டுக்குப் போவதா, பழைய இரும்புக் கடைக்கா, கொழும்புக்கா?

போன மாசி மாதம் கனடாவிலிருந்து வந்த என் மச்சான், உப்புவெளியில் இருக்கும் தாய் வீட்டைத் திருத்திக்கொண்டிருந்தார். விறாந்தையும் முன் அறையும் தான் சின்ன வயதில் பார்த்த மாதிரியே இருக்க வேண்டும், பிளாஸ்டிக் கதிரை ஒன்றும் உள்ளே வரக்கூடாது என்பது அவருடைய ஆசை. கையில் ஒன்றரை லட்சம் ரூபா, மூன்று கிழமை லீவு. "நல்ல பழைய சாமான் நியாயமான விலைக்கு எங்கே கிடைக்கும்? கொழும்புக்குப் போகவா, இங்கேயே தேடவா?" என்று கேட்டார்.

நான் பதினைந்து வருடமாக இந்த ஊரில் பழைய மரச்சாமானும் பித்தளையும் தேடித் திரிகிறவன். எனக்குத் தெரிந்த வழிகள் நான்கு. வீட்டைக் கலைத்துவிட்டுப் போகிறவர்களிடம் நேரே வாங்கலாம். பழைய இரும்புக் கடையில் கிளறிப் பார்க்கலாம். கண்டி, கொழும்புப் பழம்பொருள் கடைகளுக்குப் போகலாம். ஃபோனில் விளம்பரம் பார்த்து வாங்கலாம். வெளிநாடுகளில் நடப்பதுபோல வாசலில் மேசை போட்டு விலைச்சீட்டு ஒட்டி வீட்டுச் சாமானை விற்கும் பழக்கம் இங்கே இல்லை. பழைய பொருளுக்கென்றே கூடும் பெரிய சந்தையை எதிர்பார்த்தும் வரவேண்டாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரச்சாமானுக்கு வீடு, பித்தளைக்குப் பழைய இரும்புக் கடை, மற்ற இரண்டும் தேவைக்கு மட்டும். ஆனால் எந்த வழியில் போனாலும் "இது எந்த வீட்டுச் சாமான்?" என்று கேட்காமல் நான் காசைக் கொடுப்பதில்லை. பதில் கிடைக்காவிட்டால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வீட்டுப் பாவனைக்கென்று வாங்குவதில்லை. ஏன் என்பதை விளக்க ஊரின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வந்த வழியும் போன வழியும்

இங்கே பழைய சாமான் சேர்ந்ததற்குக் காரணம் துறைமுகம். போர்த்துக்கேயர் வந்தார்கள், ஒல்லாந்தர் வந்தார்கள், 1795இல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தார்கள். 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போகும்வரை டொக்யார்ட் வேலையை நம்பி எத்தனையோ குடும்பங்கள் வாழ்ந்தன. அந்தக் கிளாக்கர்மார் வீடுகளில் எழுதும் மேசையும் பிரம்புக் கதிரையும் இங்கிலாந்துப் பீங்கானும் இருந்தன. தம்பலகாமப் பக்கத்து வயல்காரர் வீடுகளில் அண்டாவும் கிடாரமும் ஆளுயரக் குத்துவிளக்கும் இருந்தன. நம் வாயில் புழங்கும் சொற்களே இதற்குச் சாட்சி. கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போனவை. மேசையிலிருந்து இழுக்கும் லாச்சி ஒல்லாந்தருடைய சொல்.

மரமும் ஊர் மரம்தான். சிங்களத்தில் ஹல்மில்ல என்றும் தமிழில் சாவண்டலை என்றும் சொல்லும் மரத்துக்கு மர வியாபாரத்தில் 'திருகோணமலை மரம்' என்றே பெயர். இங்கிருந்து கப்பலேறிப் போய், சென்னைக் கரையில் அலை தாண்டும் மசூலாப் படகுகளுக்குப் பலகையானது இந்த மரம். அந்த மரத்தில் செய்த ஒரு வாங்கை இந்த ஊரிலேயே வாங்குவதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. அதை நான் மறைப்பதில்லை.

சாமான் போன வழிகளும் பல. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. 1964 மார்கழியில் புயல் அடித்தது. அதற்குப் பிறகு 1983, 1985, 1990 என்று இடப்பெயர்வுகள். 2004 மார்கழியில் கடல் வந்தது. 2006இல் போரால் மூதூரும் சம்பூரும் வெறிச்சோடின. கதவைப் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொண்டு ஓடினவர்கள் திரும்பி வந்தபோது கதவே இல்லாத வீடுகள் எத்தனை! அந்தக் கதவும் கட்டிலும் காற்றில் கரைந்துவிடவில்லை, எங்கேயோ யாரோ விற்றார்கள், யாரோ வாங்கினார்கள். அதனால்தான் எந்த வீட்டுச் சாமான் என்ற கேள்வி இந்த ஊரில் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி.

வீட்டுக்குப் போய் வாங்குவது

வீடு கலைப்பது பெரும்பாலும் மூன்று காரணங்களால் நடக்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டுக்குத் தாய் தகப்பனை அழைப்பார்கள், பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி கட்டுவார்கள், அல்லது மூத்தவர் காலமான பிறகு சகோதரர்கள் பங்கு பிரிப்பார்கள். இந்தச் செய்தி பேப்பரில் வராது. தச்சு பாஸ், மேசன் பாஸ் என்று நாங்கள் சொல்லும் தச்சர், கொத்தனார், பட்டா என்கிற சின்ன லொறி ஓடுகிற பையன்கள், இவர்களுக்குத்தான் முதலில் தெரியும். எனக்குச் செய்தி சொல்கிறவர்களில் பாதிப்பேர் தச்சு வேலைக்காரர்கள். உடைந்த கதிரையைத் திருத்தக் கொடுத்துப் பழகியதால் வந்த உறவு அது.

மச்சானை நான் முதலில் கூட்டிப்போனது ஓய்வு பெற்ற ஒரு ரீச்சர் வீட்டுக்கு. லண்டனில் இருக்கும் மகளிடம் போகிறார். முன் விறாந்தையில் ஒரு சாய்மனைக் கதிரை. கை இரண்டும் நீளமானவை, அவற்றின் கீழே மடித்து வைத்திருக்கும் பலகைகளை வெளியே திருப்பினால் கால் நீட்டிக்கொள்ளலாம். "அவர் பின்னேரத்தில் இதில படுத்துத்தான் ரேடியோ கேட்பார்" என்றார் ரீச்சர். வலது கைப்பலகையில் தேநீர்க் கோப்பை வைத்து வைத்து வந்த வட்டத் தழும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. இடது கையில் ஒன்றுமில்லை.

"கொஞ்சம் கவிழ்த்துப் பார்க்கலாமா ரீச்சர்?" என்று கேட்டுவிட்டுக் கவிழ்த்தோம். பழைய சாமானின் உண்மை அடியில்தான் இருக்கும். மேலே எத்தனை தரமும் பொலிஷ் அடிக்கலாம், அடியில் யாரும் அடிக்க மாட்டார்கள். டோர்ச் அடித்துப் பார்த்தபோது மரம் வறண்ட காப்பி நிறத்தில் இருந்தது. திருகாணித் தலையில் இருந்த வெட்டு நடுவை விட்டுச் சற்று விலகியிருந்தது. கையால் அரத்தில் வெட்டியதற்கு அது ஓர் அடையாளம். பின்காலில் மட்டும் கூட்டல் குறிபோல நட்சத்திர வெட்டுப் போட்ட திருகாணி ஒன்று. அந்த வகை 1930களில் வந்தது, ஆகவே அந்தக் கால் பிறகு திருத்தியது. பிரம்பு கோத்த துளைகளின் ஓரம் வழவழவென்று தேய்ந்திருந்தது. ஒரு தரம் அல்ல, பல தரம் பிரம்பு மாற்றியிருக்கிறார்கள். கதிரை பழையது, திருத்தமும் நேர்மையானது. இப்படித் திருத்திய சாமானை வேண்டாம் என்று ஒதுக்கத் தேவையில்லை. விலையில் அதைக் கணக்கெடுத்தால் போதும்.

அதே வீட்டில் ஒரு பெட்டகமும் இருந்தது. பித்தளைப் பட்டமும் பெரிய பூட்டும் போட்ட, முதிரை மரத்தில் செய்த பெட்டகம். இப்படி ஒன்றைக் கண்டவுடன் ஒல்லாந்தர் காலம் என்று சொல்ல எல்லோருக்கும் வாய் வரும். நான் சொல்ல மாட்டேன். ஒல்லாந்தர் போன பிறகும் அதே மாதிரியில் நூறு வருடத்துக்கும் மேலாக நம் தச்சர்கள் செய்துகொண்டேயிருந்தார்கள். பார்க்க வேண்டியது மூலைப் பொருத்து. இரண்டு கை விரல்களைக் கோத்ததுபோலப் பலகைகள் ஒன்றுக்குள் ஒன்று இறங்கியிருக்கும். கையால் வெட்டியிருந்தால் ஒரு பல்லுப் பருத்தும் ஒன்று மெலிந்தும், தச்சர் உளியால் கோடு கிழித்த அடையாளத்தோடும் இருக்கும். எல்லாப் பல்லும் அச்சில் வார்த்ததுபோல ஒரே அளவென்றால் மெஷின் வேலை. பிறகு உள்பலகையின் அறுப்பைப் பாருங்கள். ஒழுங்கில்லாத நேர்க்கோடுகளாக இருந்தால் கைவாள், வில்லாக வளைந்த கோடுகள் என்றால் வட்ட வாள் சுற்றிய தடம். ரீச்சர் வீட்டுப் பெட்டகத்தின் அடிப்பலகையில் வளைந்த கோடுகள் இருந்தன, மற்றதெல்லாம் நேர்க்கோடு. அடிப்பலகை மட்டும் பிறகு மாற்றியது.

இனி விலை. இங்கே என்னோடு ஒத்துப்போகாதவர்கள் பலர் இருக்கிறார்கள். வீட்டுக்காரருக்குப் பெறுமதி தெரியாத இடத்தில் வாயைத் திறக்காமல் வாங்குவதுதான் கெட்டித்தனம் என்பார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. இதே கதிரை கொழும்புக் கடையில் ஏறக்குறைய என்ன விலைக்கு நிற்கும் என்று ரீச்சரிடம் சொன்னேன். அதில் லொறிக்காசு, பிரம்புக் கூலி, கடைக்காரர் லாபம் எல்லாம் கழித்தால் என்ன வரும் என்றும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப முப்பத்தையாயிரம் தாங்கோ மகன்" என்றார். பெட்டகத்துக்கு நாற்பத்தெட்டாயிரம். அப்படியும் கடை விலையோடு பார்க்கும்போது மிகவும் மலிவு. நடுவில் ஆள் இல்லாததால் கிடைக்கிற மலிவே போதும், தெரியாமையால் வருகிற மலிவு தேவையில்லை. அது மட்டுமல்ல, இது சின்ன ஊர். ஒரு வீட்டில் ஏமாற்றினால் அடுத்த நாலு வீட்டுக் கதவு திறக்காது. ரீச்சர்தான் அடுத்த கிழமை தன் சிநேகிதி வீட்டுக்கும் எங்களை அனுப்பினார்.

வீட்டில் வாங்குவதில் இடைஞ்சல்களும் உண்டு. நாள் குறித்துப் போக முடியாது, செய்தி வரும்வரை காத்திருக்க வேண்டும். மூன்று கிழமை லீவில் வந்தவருக்கு இது பெரிய குறை. இரண்டாவது, பங்கு பிரிக்கும் வீடுகள். அண்ணன் விற்கச் சம்மதிப்பார், தங்கை அழுதுகொண்டு நிற்பார். அப்படி ஒரு வீட்டிலிருந்து நான் கையை வீசிக்கொண்டு திரும்பியிருக்கிறேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை. எல்லோரும் சம்மதமா என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு கடுதாசியில் சாமானின் பெயர், விலை, திகதி எழுதி இரு பக்கமும் கையெழுத்து வையுங்கள். மூன்றாவது கறையான். சிநேகிதி வீட்டில் பார்த்த அலுமாரி கண்ணாடிக் கதவோடு அவ்வளவு வடிவு. பின் கால்களில் விரலால் தட்டினேன், பப்பாளித் தண்டைத் தட்டின சத்தம். பின் பலகையை அழுத்தியதும் மண் உதிர்ந்தது. இலவசமாகத் தந்தாலும் அதை மற்றச் சாமானோடு வைக்க முடியாது.

வீடு இடிக்கும் இடங்களைப் பற்றியும் ஒரு சொல். கதவு, யன்னல், தூண், ஓடு எல்லாம் அங்கே கிடைக்கும். ஓட்டின் பின்பக்கத்தில் மங்களூர், கள்ளிக்கோட்டைக் கம்பனிகளின் பெயர் பதிந்திருக்கும். பாசல் மிஷன் ஓடு என்றால் சிலதில் 1865 என்றும் இருக்கும். அது மங்களூரில் கம்பனி தொடங்கிய ஆண்டு, அந்த ஓடு சுட்ட ஆண்டு அல்ல. அந்த எண்ணைக் காட்டி விலையைக் கூட்டினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

பழைய இரும்புக் கடை

பித்தளைக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. தெருத்தெருவாக ஒலிபெருக்கி கட்டி "பழைய இரும்பு, பித்தளை, அலுமினியம்" என்று கூவி வரும் ஓட்டோ எல்லாம் பின்னேரம் இப்படியான கடைகளில்தான் இறக்கும். அங்கே எல்லாம் கிலோ கணக்கு. குத்துவிளக்கின் தலையும் தண்ணீர்க் குழாய்த் துண்டும் ஒரே தராசில் ஏறும். சாக்கு நிறைந்ததும் உருக்குவதற்கு லொறி ஏறிவிடும், ஆகவே நேற்றுப் பார்த்ததை நாளை தேட முடியாது. நானா (அண்ணன்) என்று நான் கூப்பிடும் கடைக்காரர் பித்தளை நல்லதாக வந்தால் ஒரு பக்கமாக எடுத்து வைத்துவிட்டு எனக்கு ஃபோன் அடிப்பார். கிலோ விலைக்கு மேல் அவருக்கு நான் எப்போதும் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பேன். விலை நாளுக்கு நாள் மாறும். அன்றைய விலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டே போங்கள்.

கையில் ஒரு காந்தம் வேண்டும். பித்தளையிலும் வெண்கலத்திலும் காந்தம் ஒட்டாது, மேலே முலாம் பூசிய இரும்பில் ஒட்டும். வெண்கலம் என்று சந்தேகம் வந்தால் விரல் நகத்தால் சுண்டிப் பாருங்கள். வெண்கலம் நீளமாக இழுத்து ஒலிக்கும், பித்தளை சீக்கிரம் அடங்கும். குத்துவிளக்கு என்றால் அடி, தண்டு, தட்டு, தலை எல்லாவற்றையும் கழற்றிப் புரியைப் பாருங்கள். ஒன்றில் பொன் நிறம், ஒன்றில் சிவப்பு நிறம் என்றால் இரண்டு மூன்று விளக்குகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். வீட்டில் ஏற்றுவதற்கு அது போதும், பழைய விளக்கு என்ற விலைக்கு அல்ல.

மூக்குப்பேணிக்குத் தண்ணீர்ச் சோதனை. வாய் படாமல் அண்ணாந்து குடிப்பதற்காக மூக்கு வைத்த பேணி, நம் பெரியவர்களின் கையில் இருந்த பொருள். மூக்கு ஒட்டியிருக்கும் இடம்தான் அதன் பலவீனம். நிறையத் தண்ணீர் விட்டு, வெளிப்பக்கத்தைத் துடைத்து, ஒரு கடுதாசியின் மேல் ஐந்து நிமிடம் வையுங்கள். கடுதாசி நனைந்தால் ஒட்டு விட்டுப்போயிருக்கிறது. அன்றைக்கு மச்சானுக்கு இரண்டு மூக்குப்பேணி, ஒரு படிக்கம் (வெற்றிலை துப்பும் பாத்திரம்), ஒரு வெற்றிலைத் தட்டம், ஒரு குத்துவிளக்கு எல்லாமாகப் பதினோராயிரத்து நானூறு ரூபாவுக்குக் கிடைத்தன. நானா ஐந்தையும் ஒரே வீட்டிலிருந்து எடுத்தவர். எந்த வீடு, ஏன் விற்றார்கள் என்று அவரால் சொல்ல முடிந்தது.

சொல்ல முடியாத சாமான்களும் அங்கே வரும். நம் வீடுகளில் பாத்திரத்துக்குப் பேர் வெட்டுகிற வழக்கம் இருக்கிறதே, விளிம்பில் புள்ளிபுள்ளியாக உளியால் குத்தி எழுதுவது. சில வருடங்களுக்கு முன் அந்தக் கடைச் சாக்கிலிருந்து ஒரு செம்பை எடுத்தேன். களிம்பைத் துடைத்தபோது முதலில் இரண்டு எழுத்து, அப்புறம் சம்பூர் என்று ஊர்ப்பெயர். எங்கிருந்து வந்தது என்று நானாவுக்குத் தெரியவில்லை, மூன்று கை மாறி வந்திருக்கிறது. விட்டால் உருக்கப் போய்விடும், அதனால் வாங்கினேன். மூதூர்ப் பக்கம் போகும்போதெல்லாம் அதன் படத்தைக் காட்டிக் கேட்கிறேன். இன்னும் யாரும் தங்களுடையது என்று சொல்லவில்லை. மச்சான் கேட்டும் அதை நான் கொடுக்கவில்லை. உரிமைக்காரர் வரும்வரை அது விற்கிற சாமான் அல்ல.

இந்தக் கடைகளில் தொடக்கூடாதவை சில உண்டு. கோயில் மணி, தூக்கு விளக்கு, திருவாசித் துண்டு, விக்கிரகம் என்று கண்டால் விலையே கேட்காதீர்கள். கோயில் சாமான் நேர்வழியில் பழைய இரும்புக் கடைக்கு வருவது மிகவும் அரிது. மண்ணிலிருந்தோ கடலடியிலிருந்தோ எடுத்தது என்று யாராவது பெருமையாகச் சொன்னாலும் விலகிவிடுங்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அப்படிக் கண்டெடுக்கும் தொல்பொருள் அரசுக்குரியது. யானைத் தந்தம், ஆமை ஓட்டுச் சீப்பு இவையும் வேண்டாம், வன விலங்குச் சட்டத்தில் சிக்கும்.

காசு விரித்து வைக்கும் இடங்கள்

சுற்றுலாப் பயணிகள் நடமாடும் இடங்களில் துணி விரித்துப் பழைய காசு வைத்திருப்பார்கள். ஒல்லாந்தக் கம்பனியின் வீ, ஓ, சீ என்ற மூன்று எழுத்தும் பின்னிய செப்புக் காசுதான் எல்லோருக்கும் கண்ணில் படும். அதில் போலி தாராளம். ஓரத்தைச் சுற்றி நகத்தால் தடவுங்கள். வார்த்த போலியில் இரண்டு அச்சுச் சேர்ந்த வரம்பு நகத்தில் தட்டும், முகத்தில் ஊசிக்குத்துப் போன்ற குழிகள் இருக்கும். மரம் போட்ட இலங்கை வெள்ளிக் காசும் 1957ஆம் ஆண்டுப் புத்த ஜயந்தி ஐந்து ரூபாவும் நல்லவைதான். ஆனால் அவற்றை வீட்டில் வைத்திருப்பவர்களிடம் வாங்குவதே பாதுகாப்பு. இதற்கு மேல் சந்தையைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

கடைக்குப் போவது

கண்டியிலும் கொழும்பிலும் காலியிலும் நல்ல பழம்பொருள் கடைகள் உண்டு. ஒரே நாளில் இருபது கதிரையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேறு வழி இல்லை. கண் பழக நான் இன்றைக்கும் போகிறேன். நல்ல கடைக்காரர் பில் எழுதித் தருவார், திருத்தம் செய்த இடத்தைத் தானே காட்டுவார். குறிப்பான ஒரு பொருள் அவசரமாகத் தேவை, விலை இரண்டாம் பட்சம் என்றால் கடைதான் சரி. ஆனால் கொழும்பு இங்கிருந்து இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல். ஓர் அலுமாரியை அங்கிருந்து ஏற்றி வருகிற கூலியில் இங்கே இன்னொரு சாமான் வாங்கலாம். மொறட்டுவையில் பழைய மாதிரிக் கதிரை புதிதாகவே செய்கிறார்கள், வேலை அருமையாக இருக்கும். புதிது என்று தெரிந்து வாங்கினால் அதில் ஒரு குறையும் இல்லை.

கடலோரத்துக் கடைகளில் கவனம் வேண்டும். என் கதையைச் சொல்கிறேன். ஏழு வருடத்துக்கு முன் அப்படி ஒரு கடையில் கப்பல் மணி ஒன்றைக் கண்டேன். கப்பலின் பெயர், ஆண்டு, பச்சைக் களிம்பு எல்லாம் இருந்தன. கடற்படை இருந்த ஊரில் கப்பல் மணி இருப்பது நியாயம்தானே என்று மனம் தானாகவே ஒரு கதையைக் கட்டிவிட்டது. இருபத்தெட்டாயிரம் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து புளியும் உப்பும் போட்டு ஒரு தேய் தேய்த்ததும் களிம்பு முழுவதும் போய்ப் புதுப் பித்தளை பளிச்சென்று நின்றது. வருடக் கணக்கில் ஏறிய களிம்பு அப்படிப் போகாது, பள்ளங்களில் பிடிவாதமாக நிற்கும். எழுத்துகளும் மேலே புடைத்திருந்தன. உண்மையான கப்பல் மணியில் பெயரைப் பெரும்பாலும் ஆழமாக வெட்டியிருப்பார்கள். பில் இல்லை என்று கடையில் திருப்பி எடுக்கவில்லை. பொருளின் வயதை எழுதிய பில் தராத கடையில் அதற்குப் பிறகு நான் வாங்கியதில்லை. கடற்படைச் சாமான் என்று காட்டும் அகன்ற அம்புக்குறியையும் இப்போது புதிதாகக் குத்துகிறார்கள். குறியின் ஓரம் கூர்மையாகவும் சுற்றியிருக்கும் பரப்புத் தேய்ந்தும் இருந்தால் அது பிறகு குத்தியது.

ஃபோனில் வாங்குவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விலை தெரிந்துகொள்ள நல்லது, வாங்குவதற்கு அவ்வளவு நல்லதல்ல, ஏனென்றால் கவிழ்த்துப் பார்க்க முடியாது. இலக்கமும் முத்திரையும் உள்ள பொருள் மட்டும் விதிவிலக்கு. சிங்கர் தையல் மெஷின் என்றால் இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 1900 முதல் இலக்கத்துக்கு முன் ஆங்கில எழுத்து சேர்ந்து வரும், அதை வைத்துச் செய்த ஆண்டையும் தொழிற்சாலையையும் கண்டுபிடிக்கலாம். ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் தொழிற்சாலையில் செய்தவை இங்கே நிறைய உண்டு. நிறைய உண்டு என்பதாலேயே விலை ஏறக்கூடாது, நூறு வருடம் என்பது மட்டும் விலை அல்ல. பீங்கான் என்றால் அடி முத்திரை. நாட்டின் பெயர் போடும் வழக்கம் 1891க்குப் பிறகு பரவியது, 'ஒக்குப்பைட் ஜப்பான்' (பிறர் படை பிடித்திருந்த ஜப்பான்) என்றிருந்தால் 1945க்கும் 1952க்கும் இடைப்பட்டது. பித்தளைப் புனல் வைத்த கிராமபோனை மட்டும் ஃபோனில் வாங்கவே வாங்காதீர்கள். துண்டு துண்டாகச் சேர்த்துப் பழைய பெயர்த்தகடு ஒட்டியவை ஊரெல்லாம் திரிகின்றன.

மச்சானின் கணக்கு

கதிரையும் பெட்டகமும் எண்பத்து மூவாயிரம். பித்தளை பதினோராயிரத்து நானூறு. கதிரைக்குப் பிரம்பு மாற்ற ஒன்பதாயிரம், பட்டா லொறி இரண்டு ஓட்டத்துக்கு ஆறாயிரம், பாஸ் வந்து அடிப்பலகையை இறுக்கி மெழுகு போட்டதற்குப் பதினாலாயிரம். மொத்தம் ஒரு லட்சத்து இருபத்து மூவாயிரத்து நானூறு. வார்னிஷ் அடிக்க வேண்டாம் என்று நான் தடுத்தேன். பளபளப்பு ஏறினால் அந்தக் கோப்பைத் தழும்புகள் போய்விடும், அவை போனால் ரீச்சர் வீட்டுக் கதிரை என்பதற்கு என்ன அடையாளம்?

ஒரு மூக்குப்பேணியைக் கனடாவுக்குக் கொண்டுபோகப் பார்த்தார். கலாசாரப் பொருள்களை வெளியே அனுப்புவதைக் கட்டுப்படுத்த 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. தொல்பொருள் திணைக்களத்தில் காட்டிக் கேட்காமல் பெட்டியில் வைக்க வேண்டாம் என்றேன். இங்கேயே இருக்கட்டும், வரும்போது அதில் தண்ணீர் குடிக்கிறேன் என்று விட்டுப்போனார்.

மீதி இருபத்தாறாயிரத்து அறுநூறு ரூபா என்னிடம் இருக்கிறது, அலுமாரிக்கு. மூன்று கிழமைக்குள் நல்லது ஒன்று வரவில்லை, அதற்காகக் கொழும்புக்கு ஓடவும் இல்லை. நேற்றுத் தச்சு பாஸ் ஃபோன் அடித்தார். கிண்ணியாவில் ஒரு வீடு இடிக்கப் போகிறார்களாம், இரட்டைக் கதவு அலுமாரி ஒன்று, தேக்கு என்று நினைக்கிறாராம், வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார், தானே விற்கிறார். சனிக்கிழமை காலை டோர்ச்சோடு போகிறேன், முதலில் பின் கால்களைத் தட்டிப் பார்க்க வேண்டும்.